மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தால் போதுமா?

கேள்வி: காரைக்குடியில் ஓர் அறக்கட்டளை, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் செலவை ஏற்றிருக்கிறது. அதில் ஆறு பேருக்கு வழிகாட்டியாக இருக்கச் சொல்லி என்னைக் கேட்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு போய், மார்க்கை விசாரித்து, நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் போதுமா?

பதில்:

போதாது. ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு வேலையும் இல்லை. மாதத்துக்கு எத்தனை ஞாயிறு என்பதைவிட எந்த ஞாயிறு என்பதுதான் கணக்கு. விடுதிப் பிள்ளையின் படிப்பு வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது நிற்பது அரிது. காலாண்டு லீவுக்கு ஊருக்குப் போன பையன் திரும்பி வராமல் இருப்பதில் நிற்கும். பத்தாம் வகுப்பு முடித்து எந்த குரூப் எடுப்பது என்று விழிக்கும் சில நாட்களில் திசை மாறும். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் நடுவே ஒரு சான்றிதழ் கையில் இல்லாமல் நழுவும். இந்த இடங்களிலெல்லாம் நீங்கள் கூட இருந்தால், நடுவில் ஒரு மாதம் போக முடியாமல் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. இந்த நேரங்களில் இல்லாமல், மற்ற நாளில் வாரம் தவறாமல் போனாலும் பயன் குறைவு.

சரி என்று தலையாட்டும் முன் அறக்கட்டளையிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை தங்கும் இடம் தனியார் விடுதி என்றால், 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குபடுத்தும் சட்டப்படி உரிமம் பெற்றிருக்கிறதா? நீங்கள் பிள்ளையைப் பார்க்கவும், பள்ளியில் விசாரிக்கவும் பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்கிறார்களா? பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் பணம் உண்டா, இல்லை வருடா வருடம் ஸ்பான்சரின் மனசைப் பொறுத்ததா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்த ஒரு கல்வியாண்டுக்கான தொகையாவது கையிருப்பில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கொடுப்பவருக்குத் தொழிலில் அடி விழலாம், காலமாகிவிடலாம், மகன்களுக்கு அந்த அக்கறை இல்லாமல் போகலாம். நடுவருடத்தில் நின்றுபோகும் உதவி, ஆரம்பத்திலேயே கிடைக்காத உதவியைவிடப் பிள்ளையை மோசமான இடத்தில் கொண்டுபோய் விடும். ஆறு பேர் என்பது சரியான எண்ணிக்கைதான், அதற்கு மேல் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் போக வேண்டிய இடம் விடுதி அல்ல, பிள்ளையின் வீடு. காளையார்கோவில் பக்கமோ, திருவாடானைப் பக்கமோ, பொன்னமராவதிப் பக்கமோ, ஒருமுறை பஸ்ஸில் போய் வாருங்கள். அந்த வீட்டில் யார் வார்த்தை எடுபடுகிறது என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். அப்பா சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருப்பார், பாரத்தில் கையெழுத்துப் போட்டது அம்மாவாக இருக்கும், ஆனால் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அப்பத்தாவோ தாய்மாமனோ. அந்த ஆளின் போன் நம்பர்தான் உங்களுக்கு வேண்டும். கூடவே, எந்தெந்த விசேஷத்துக்குப் பிள்ளை கட்டாயம் வந்தாக வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போகாத குடும்பம் குறைவு. அது பெரும்பாலும் பொதுத்தேர்வை ஒட்டித்தான் வரும். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழா காரைக்குடியில் கிட்டத்தட்டப் பரீட்சையோடு சேர்ந்தே வருகிறது. சிராவயல் மஞ்சுவிரட்டு பொங்கல் லீவின் கடைசியில் விழும், பையன்கள் விடுதிக்கு ஒரு நாள் பிந்துவது அதனால்தான். இவற்றைத் தடுக்க நினைத்தால் குடும்பத்தோடு பகை வரும். சனிக்கிழமை சாயங்காலம் அனுப்பி ஞாயிறு ராத்திரிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்தால் பெரும்பாலும் கேட்பார்கள். முதல் நாள் போன் செய்து நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

விடுதியில் முதல் மாதம் எல்லாருக்கும் கஷ்டம். ஞாயிறு சாயங்காலமும் விளக்கு அணைத்த பின்னுமே அதிகமாக அழுகை வரும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் வயிற்றுவலி, தலைவலி என்பார்கள். அது நடிப்பு இல்லை, மனசு உடம்பில் காட்டுவது. ‘ஒரு மாதம் வீட்டோடு பேசவே விடாதீர்கள், பழகிவிடும்’ என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். எப்போது பேசலாம் என்று தெரியாத பிள்ளைதான் நாள் முழுக்கப் போனையே நினைத்துக்கொண்டிருக்கும். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் இன்ன நேரம், பத்து நிமிஷம் என்று வார்டனோடு பேசி நிரந்தரமாக்குங்கள். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: ‘நீ இல்லாம வீடே வெறிச்சுன்னு இருக்கு’ என்று அம்மா அழுதால் அன்று ராத்திரி பிள்ளைக்குத் தூக்கம் போச்சு. ‘இன்னைக்கு என்ன சாப்பிட்டே, யாரோட விளையாடினே’ என்று கேட்டால் போதும். நாலைந்து வாரம் தாண்டியும் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், ஒருவரோடும் பேசாமல் இருந்தாலோ, இல்லாத பழக்கமாகப் படுக்கையை நனைத்தாலோ அது வீட்டு ஏக்கத்தைத் தாண்டிய விஷயம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகலாம். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

பேசும் விதம். ‘நல்லாப் படிக்கிறியா?’ என்று கேட்டால் ‘நல்லாப் படிக்கிறேன் சார்’ என்றுதான் பதில் வரும், அதோடு உரையாடல் முடிந்தது. பதிலாக ஒரு தகவலைக் கேளுங்கள். நேற்று ராத்திரி என்ன சாப்பாடு? வகுப்பில் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள்? இந்த வாரம் எந்த வாத்தியார் வரவில்லை? கடைசியாக ஊருக்கு எப்போது போன் பேசினாய்? பக்கத்தில் உட்காருகிறவன் பெயரைச் சொல்லத் தயங்கும் பிள்ளைக்கு நண்பர்கள் இல்லை என்று அர்த்தம். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது ‘நான் போறதுக்குள்ள தீர்ந்திருச்சு’ என்று வந்தால் பெரிய பையன்கள் வரிசையில் தள்ளுகிறார்கள் என்று அர்த்தம், அதை வார்டனிடம் பிள்ளையின் பெயர் வராமல் கேட்கலாம். ஒரு பிள்ளைக்கு இருபது நிமிஷம் தனியாக ஒதுக்குங்கள். ஆறு பேரையும் வட்டமாக உட்கார வைத்து அரை மணி நேரம் அறிவுரை சொல்வது கூட்டம், சந்திப்பு இல்லை.

மார்க்கை விசாரிப்பதற்குப் பதில் விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். கணக்கில் 28 என்பது எதையும் சொல்லாது. அந்த 28இல், தொடாமல் விட்ட கேள்விகள் எத்தனை, தொடங்கிப் பாதியில் நின்றவை எத்தனை, வழிமுறை சரியாக இருந்து கூட்டல் கழித்தலில் தப்பியவை எத்தனை என்று பிரியுங்கள். தொடாமல் விட்டது அதிகம் என்றால் பாடமே ஏறவில்லை. பாதியில் நின்றது அதிகம் என்றால் பெரும்பாலும் பின்னமும் குறை எண்களும் தெரியாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் மூன்றில் இரண்டையும் நாலில் ஒன்றையும் கூட்டச் சொல்லுங்கள், ஒரே கணக்கில் விடை தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் ஒன்பதாம் வகுப்பு டியூஷன் வைத்துப் பயன் இல்லை, ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தினம் இருபது நிமிஷம் போட வேண்டும். அதே விடுதியில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒருவரை இதற்குப் பிடிக்கலாம். சொல்லிக் கொடுக்கிறவருக்கும் அது நல்லது. தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்வதும் அவசியம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அறிவியலும் சமூக அறிவியலும் ஏறாததற்குக் காரணம் அந்தப் பாடங்களில் இல்லை.

பத்தாம் வகுப்பில் கணக்குப் பாஸாகுமா என்ற பயத்தோடு ஒரு பிள்ளை இருந்தால், கைக்கு எட்டும் இடத்திலிருந்து தொடங்குங்கள். வினாத்தாளில் வரைபடம் ஒன்று, செய்முறை வடிவியல் ஒன்று, தலா 8 மதிப்பெண். இந்த 16க்கும் ஆழமான இயற்கணிதம் வேண்டாம், சீவின பென்சிலும் ஒழுங்கான ஜியாமெட்ரி பாக்ஸும் திரும்பத் திரும்பப் போடுவதும் போதும். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, அவற்றில் கணிசமானவை புத்தகத்தின் பயிற்சிகளிலிருந்தே வரும். 35ஐத் தொட இன்னும் கொஞ்சம்தான் வேண்டும், அதை ஐந்து மதிப்பெண் கணக்குகளில் இரண்டு இயலைப் பிடித்து எடுக்கலாம். அறிவியலில் செய்முறைக்கு 25 உண்டு. அந்தத் தேர்வு நாளில் பிள்ளை காய்ச்சலென்று ஊரில் படுத்திருக்கக்கூடாது, தேதியை விடுதியில் எழுதி ஒட்டிவையுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கெல்லாம் சொல்லாதீர்கள், குறைந்த குறியில் நின்றுவிடும்.

அடுத்தது பணமும் பொருளும். அறக்கட்டளைகள் ஆசையாக வாங்கிக் கொடுப்பது நோட்டு, பை, சைக்கிள். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பாடப்புத்தகம் இலவசம், பதினொன்றாம் வகுப்பில் சைக்கிளும் கிடைக்கிறது. கிடைக்காத பொருட்கள் வேறு. விலையில்லாச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடும், ஒன்பதிலிருந்து துணியும் தையல்கூலியும் சொந்தச் செலவு. வளரும் வயதில் ஒரு வருடத்துக்குள் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும், ஆகவே வருடத்துக்கு இரண்டு செட், மடிப்புத் துணி கூடுதலாக விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். உள்ளாடை, செருப்பு, சோப்பு, எண்ணெய், நாப்கின் இவற்றைக் கேட்கப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள், கேட்காமலே மாதாமாதம் போக வேண்டும். பூட்டோடு ஒரு டிரங்குப் பெட்டி வாங்கிக் கொடுத்தால் விடுதிச் சண்டைகளில் பாதி குறையும். ஊருக்குப் போய்வர பஸ் காசு முக்கியம். மாணவர் பாஸ் பள்ளிக்குப் போய்வரத்தான். பெண் பிள்ளைகளுக்கு டவுன் பஸ் இலவசம், ஆனால் தூரத்து ஊருக்கு மொபசல் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். திரும்பி வரும் காசைப் போகும்போதே தனியாக ஒரு கவரில் கொடுத்து அனுப்புங்கள். வீட்டில் அந்த நூறு இருநூறு இல்லை என்பதாலேயே திங்கட்கிழமை வர வேண்டிய பிள்ளை வியாழக்கிழமை வரும், அதற்குள் பள்ளியில் திட்டு, பிறகு போகவே பயம். கைச்செலவுக்கு மாதம் முந்நூறிலிருந்து ஐந்நூறு வரை போதும். விடுதியில் உங்கள் பிள்ளைகள் ஆறு பேருக்கும் ஒரே தொகையாக இருக்கட்டும்.

உடம்பு விஷயத்தில் விடுதிக்கு விடுதி மாறாமல் வருவது சொறி. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொடை இடுக்கில் அரிப்பு, ராத்திரியில் அதிகம். ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பத்து நாளில் பக்கத்துப் பாயிலிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும், ‘அந்த மருந்து கேட்கல’ என்ற பேச்சு வருவது இதனால்தான். டாக்டர் எழுதிக் கொடுக்கும் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை அந்த அறையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே ராத்திரியில், கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை பூசிப் படுத்து, காலையில் குளிக்க வேண்டும். துணி, போர்வை, தலையணை உறையை அன்றே வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. செட்டிநாட்டு வெயில் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு உதவி. அடுத்து கண். கரும்பலகை தெரியாத பிள்ளை அதைச் சொல்லாது, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும், வாத்தியார் காப்பி அடிப்பதாக நினைப்பார். ஆறு மீட்டர் தள்ளி நின்று காலண்டரில் ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னாலே சந்தேகம் தெரிந்துவிடும். பெண் பிள்ளைகளிடம் சோர்வு, மூச்சிரைப்பு, சாம்பல், சிலேட்டுக்குச்சி தின்னும் ஆசை இருந்தால் ரத்தசோகையா என்று பரிசோதிக்க வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பலர் ஜன்னல் வழியே எறிகிறார்கள், வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியதுதான் காரணம். சாப்பிட்ட பிறகு போடச் சொன்னால் போடுவார்கள்.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நல்ல மனசோடு செய்கிறவர்கள் அதிகம் கெடுப்பது இந்த இடத்தில்தான். கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டதும் ஸ்பான்சருக்கு ஒரு ஆசை வரும்: ‘இவனைக் கவர்மென்ட் ஸ்கூலில் ஏன் விட்டுவைக்கணும், நல்ல மெட்ரிகுலேஷனில் சேர்த்துவிடுவோம்.’ ஃபீஸ் கட்ட அவர் தயார். ஆனால் அந்த ஒரு மாற்றத்தில் பிள்ளை இழப்பது என்ன என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, 2021இல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேருகிறவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அது போய்விடும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலம் முழுக்க வரும் மாதம் 1000 ரூபாயும் போய்விடும். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதி ஜெயித்த பிள்ளையாக இருந்தால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகையும் நிற்கும். தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்கு மாற்றினால், பிற்காலத்தில் தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமையும் கைவிட்டுப் போகும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த வேலைக்கான தகுதிப் படிப்பு வரை பள்ளிப் படிப்பும் தமிழ்வழியிலேயே இருந்தாக வேண்டும்.

செட்டிநாட்டில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நகரத்தார் குடும்பங்கள் அந்தக் காலத்தில் தொடங்கிய பழைய பள்ளிகள் பல இன்று அரசு உதவி பெறும் பள்ளிகள். கட்டணம் குறைவு, பெயர் பெரிது, வாத்தியார்கள் நல்லவர்கள், ஊரார் பேச்சில் அதுவும் ‘கவர்மென்ட் ஸ்கூல் மாதிரிதான்’. ஆனால் 7.5 சதவீதம் அரசு உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. புதுமைப் பெண்ணும் தமிழ்ப் புதல்வனும் அங்கே தமிழ்வழியில் படித்தவர்களுக்கு உண்டு, என்.எம்.எம்.எஸ். உதவித்தொகையும் உண்டு. இந்த வித்தியாசம் தெரிந்து ஒரு குடும்பம் அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் அது அவர்கள் முடிவு. தெரியாமல் மாற்றிவிட்டு நீட் ரிசல்ட் வந்த பிறகு விழிப்பது கொடுமை. டாக்டராக வேண்டும் என்று சொல்கிற பிள்ளை அரசுப் பள்ளியில் இருந்தால், ஸ்பான்சரின் பணத்தை ஃபீஸில் போடாமல் பயிற்சிக்கும் புத்தகத்துக்கும் செலவிடச் சொல்லுங்கள். ‘பணம் கொடுக்கிறவர் சொல்கிறாரே’ என்று வாய்மூடி இருப்பது இந்த இடத்தில் சரியில்லை.

அரசின் சமூகநீதி விடுதிகளை, அதாவது 2025 வரை ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று அழைக்கப்பட்டவற்றை, அறக்கட்டளைகள் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே குறைந்தபட்சத் தூரம், பெற்றோர் வருமான வரம்பு என்ற நிபந்தனைகள் உண்டு. தூர நிபந்தனை பெண் பிள்ளைகளுக்கு இல்லை. சாப்பாடும் இருப்பிடமும் அங்கே இலவசம் என்றால், ஸ்பான்சர் விடுதிக்குக் கட்டும் பணத்தில் இன்னொரு பிள்ளை படிக்கலாம். போய்ப் பார்த்து, தண்ணீரும் கழிப்பறையும் வார்டன் அங்கேயே தங்குகிறாரா என்பதும் திருப்தியாக இருந்தால் தயங்க வேண்டாம்.

சான்றிதழ் வேலையைப் பத்தாம் வகுப்பு லீவிலேயே முடித்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில், ஒன்றுக்கு 60 ரூபாய். வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான், அதை மட்டும் தேவைப்படும்போது எடுக்கலாம். தவறு நடப்பது பெயரில். ஆதாரில் அப்பா பெயர் விரிவாக, பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் மட்டும், வங்கிக் கணக்கில் இனிஷியல் பின்னால். மூன்றும் ஒத்துப் போகாவிட்டால் உதவித்தொகை எங்கேயோ தொங்கும். எது சரியானது என்று முதலில் பிறப்புச் சான்றிதழை வைத்து முடிவு செய்து, பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் பள்ளியிலிருந்து போகும் முன் அதன்படி திருத்த வேண்டும். பதினைந்து வயதில் ஆதாரில் கைரேகையும் கண்விழியும் புதுப்பிக்க வேண்டும், கட்டணம் இல்லை. புதுப்பிக்காத ஆதாரோடு வங்கிக்குப் போனால் ரேகை ஒத்துவராது. பெண் பிள்ளைகள் மருதாணி வைத்த கையோடு ரேகை வைக்கப் போக வேண்டாம் என்பதையும் சொல்லிவையுங்கள், சில சமயம் அதனாலேயே இயந்திரம் எடுக்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

லீவு முடியும் நேரம்தான் உங்கள் உண்மையான வேலைநாள். காலாண்டு, அரையாண்டு, பொங்கல், கோடை, ஒவ்வொன்றுக்கும் பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் ஆறு வீட்டுக்கும் போன் செய்யுங்கள். ‘எந்த பஸ்ஸில் வருகிறாய்?’ என்று கேளுங்கள். ‘வருகிறாயா?’ என்று கேட்காதீர்கள், அது வராமல் இருக்கவும் வழி விடும். திறந்த அன்று சாயங்காலம் வார்டனிடம் தலை எண்ணச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை வரவில்லை என்றால் மூன்றாம் நாளுக்குள் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். பையன்கள் கல்யாண சீசனில் பந்தி பரிமாறவோ, சமையல் மாஸ்டருக்குக் கைவேலையாகவோ போய்க் கையில் காசு பார்த்திருப்பார்கள், ஒரு வாரம் தாண்டினால் இழுத்து வருவது கடினம். காசு பார்த்தவனிடம் படிப்பின் பெருமையைப் பேசிப் பயன் இல்லை. சமையல் தொழிலே பிடித்திருந்தால் கேட்டரிங் படிப்பு இருக்கிறது, பன்னிரண்டு முடித்தால் சேரலாம் என்று வழியைக் காட்டினால் கேட்பான்.

பெண் பிள்ளைகள் சடங்குக்குப் போனால் பதினாறு நாள் என்று போய் ஒரு மாதம் ஆவதுண்டு. பாட நோட்டுகளைத் தோழி மூலம் வாரம் ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருந்தால், ‘இவள் திரும்பிப் போகிறவள்’ என்ற எண்ணம் வீட்டில் நிற்கும். பதினொன்று, பன்னிரண்டில் முறைமாப்பிள்ளை பேச்சு எடுப்பார்கள். பதினெட்டு முடியாமல் கல்யாணம் சட்டப்படி குற்றம். முதலில் தாய்மாமனிடமோ, அந்த வீட்டில் மதிப்புள்ள பெரியவரிடமோ பேசிப் பாருங்கள். தேதி குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அதற்கு மேல் சமாதானம் பேசக் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லுங்கள். சொன்னவர் யார் என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு குரூப். மார்க் நிறைய வந்தால் முதல் குரூப், குறைந்தால் ஆர்ட்ஸ் என்று பள்ளியே பிரித்துவிடும். கணக்கில் 90 வாங்கியும் கணக்கைக் கண்டால் பயப்படுகிற பிள்ளை உண்டு, அதை விடைத்தாள் சொல்லாது, இரண்டு வருடம் பார்த்த நீங்கள்தான் சொல்ல வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து இல்லை. அதனால் பதினொன்றை ஒப்பேற்றிவிட்டுப் பன்னிரண்டைத் தொடங்கும் ஆசை பள்ளிகளுக்குத் திரும்ப வரும். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் முழுசாக உண்டு. பாலிடெக்னிக்கும் தாழ்ந்த வழி இல்லை, மூன்று வருட டிப்ளமோ முடித்து நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். முடிந்தால் லீவில் ஒரு நாள் அழகப்பா கல்லூரிகள் இருக்கும் பகுதியைச் சுற்றிக் காட்டுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. பஸ்ஸில் தினம் அந்த வாசலைக் கடக்கிற பிள்ளைகளில் பலருக்கு உள்ளே பி.டெக். படிப்பு நடப்பது தெரியாது.

பத்தில் ஃபெயிலானால் உதவியை நிறுத்தும் அறக்கட்டளைகள் உண்டு. அந்த விதியை மாற்றச் சொல்லிச் சண்டை போடுங்கள். துணைத்தேர்வு ஜூலை வாக்கில் வரும், நடுவில் இருக்கும் சில வாரங்கள்தான் பிள்ளைக்கு ஆள் துணை மிக அதிகமாக வேண்டிய காலம். ரிசல்ட் வரும் அன்று பிள்ளை வீட்டில் தனியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குறைந்தபட்சம் காலையிலேயே ஒரு போன்.

பாதுகாப்பு விதிகள் உங்களுக்கும் சேர்த்துத்தான். பிள்ளையை எல்லார் கண்ணிலும் படுகிற வராந்தாவிலோ மரத்தடியிலோ சந்தியுங்கள். உங்கள் வீட்டுக்கோ காரிலோ தனியாகக் கூட்டிப் போக வேண்டாம். நீங்கள் ஆணாக இருந்து பெண் பிள்ளைகளும் பட்டியலில் இருந்தால், ஒரு பெண் வழிகாட்டி கூட வராமல் போகாதீர்கள். ராத்திரி நேர வாட்ஸ்அப் செய்திப் பழக்கம் வேண்டவே வேண்டாம். பிள்ளை ஏதாவது துன்புறுத்தலைச் சொன்னால், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள், செய்ய முடியாது. அது பாலியல் துன்புறுத்தல் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் தண்டனை உண்டு. திரும்பத் திரும்பக் குடைந்து கேட்காமல், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொண்டு, அன்றே 1098க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயர் கெடும், உள்ளுக்குள் விசாரிப்போம் என்று யார் சொன்னாலும் காத்திருக்கக் கூடாது.

ஸ்பான்சரோடு உறவில் ஓர் இடைவெளி வையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை ஒரு பக்க அறிக்கை போதும்: வருகை நாள், உடல்நலம், எந்தப் பாடத்தில் முன்னேற்றம், அடுத்த ஆறு மாதத்துக்கு என்ன தேவை. அப்பா குடிக்கிறார், அம்மா பிரிந்து போய்விட்டார் போன்றவை அதில் வரக்கூடாது, அது பிள்ளையின் குடும்ப விஷயம். மேடையில் சால்வை போட்டுச் செக்கை நீட்டிப் படம் எடுக்கும் பழக்கம் நம் பக்கத்தில் அதிகம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது வகுப்பில் பட்டப்பெயராக ஒட்டும். பணத்தைக் கணக்கில் போடச் சொல்லுங்கள். நன்றிக் கடிதம் எழுதச் சொல்லலாம், எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுத வைக்கக்கூடாது. இன்னொன்று, கொடுக்கிறவர் வீட்டுக் கல்யாணத்துக்கு, ‘நம்ம பிள்ளைங்கதானே, ரெண்டு நாள் ஒத்தாசைக்கு வரட்டும்’ என்று ஆச்சி பிரியமாகக் கேட்பார். விருந்தினராகக் கூப்பிட்டால் அனுப்புங்கள். இலை எடுக்கவும் தண்ணீர் சுமக்கவும் என்றால் மரியாதையாக, ஆனால் உறுதியாக, பரீட்சை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பரீட்சை எப்போதும் இருந்துகொண்டேதான் இருக்கும்.

கடைசியாக உங்களைப் பற்றி. ஒன்பதில் எடுத்த பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்து முதல் மாதம் முடியும் வரை பார்க்க வேண்டும், அதாவது நாலு வருடத்துக்கு மேல். வேலை மாறி ஊரைவிட்டுப் போக நேர்ந்தால் ஒரு மாதம் முன்பே பிள்ளையிடம் நேரில் சொல்லி, அடுத்து வருபவரை ஒருமுறையாவது கூடவே அழைத்துப் போய், குறிப்பு நோட்டையும் ஒப்படையுங்கள். இரண்டு வருடம்கூட உறுதியாகச் சொல்ல முடியாத நிலை என்றால் இந்தப் பொறுப்பை ஏற்காதீர்கள். அதே அறக்கட்டளையில் இ-சேவைக்கும் வங்கிக்கும் அலையும் வேலைக்கு எப்போதும் ஆள் குறைவு, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.